கல்ஃப் நேரத்தில் சோறு

பென்ஷன் வாங்கி வீட்டில் உட்கார்ந்ததும் எனக்கு நேரம் போகவில்லை. எங்கள் பக்கத்தில் நேரம் போகாதவர்கள் ஒன்று கோவில் பாட்டுக்குழுவில் சேருவார்கள், இல்லையென்றால் அடுத்த வீட்டு எல்லைத் தகராறில் சேருவார்கள். எனக்குக் குரலும் இல்லை, பொறுமையும் இல்லை. அதனால் கொல்லயில் என்ற ஊர்ப்பக்கம் கிறிஸ்தவ சபைக்காரர்கள் நடத்திய முதியோர் இல்லத்துக்குத் தொண்டு செய்யப் போனேன்.

அங்கே ஒருவருக்கும் நேரம் இல்லை. எல்லாரும் காத்திருக்கிற வேலையில் மும்முரமாக இருந்தார்கள். தொண்டு செய்ய வந்தவளுக்கு எதையாவது சரிசெய்யாவிட்டால் கை அரிக்கும் அல்லவா? கூடத்துச் சுவர்க்கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடியது. ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

"மக்கா, அதைத் தொடாதே! அது கல்ஃப் நேரமாக்கும்."

ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவர் சொன்னார். அங்கே எல்லாருக்கும் அவர் பாட்டா, எங்கள் பேச்சில் தாத்தா. மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த கடிகாரம் அது; மகனுடைய நேரத்தில்தான் ஓட வேண்டுமாம். மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தால் பாட்டா தட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

"அவன் இப்பம் வேலையில நிக்கியான். அவன் திங்காம எனக்கு எப்பிடி எறங்கும்?"

சமையல் செய்யும் அக்கா சோற்றை மூடிவைத்துக்கொண்டே முணுமுணுப்பாள். "பாட்டாவுக்க வயிறு மட்டும் பாஸ்போர்ட்டு எடுத்தாச்சு."

குடியிருப்பவனுக்கே நிலம் என்று கேரளத்தில் நிலச்சட்டம் வந்தபோது, பாட்டா குடியிருந்த குடிசைக்கும் அதைச் சுற்றிய பத்து சென்டுக்கும் அவர் பேரில் பட்டயம் கிடைத்தது. அடுத்த கட்டில்காரர் அதே சட்டத்தில் வயலையும் தோப்பையும் இழந்தவர். எந்தக் கதை சொன்னாலும் இருவரும் 'சட்டத்துக்கு முன்னே, சட்டத்துக்குப் பின்னே' என்றுதான் தொடங்குவார்கள். ஒருவருக்கு அது பிறந்தநாள், மற்றவருக்குத் திவசம். இப்போது ஆளுக்கு ஒரு கட்டில். இவ்வளவு சமத்துவத்தைச் சட்டம் போட்டவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

மகன் அந்தக் குடிசையை இடித்து வீடு கட்டத் தொடங்கினான். பணி தீரும்வரை என்று சொல்லி அப்பாவை இங்கே கொண்டுவந்து விட்டான். கீழ்த்தளம் முடிந்தது, மாடி தொடங்கியது. கல்ஃப் பணத்தில் எழும் வீடு எப்போது தீரும் என்று எங்கள் ஊரில் கொத்தனாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரன் எத்தனை மாடி எழுப்புகிறான் என்பதைப் பொறுத்தது அது. பாட்டாவுக்கு ஆசை ஒன்றுதான். தன் பத்து சென்டில் எழும்பிய அந்த வீட்டில் ஒரு ராத்திரியாவது படுத்துத் தூங்க வேண்டும்.

ஒருமுறை மகன் லீவில் வந்தான். செண்ட் மணம் அவனுக்கு முன்னால் வந்தது. எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தான், உட்காராமல் வாட்சைப் பார்த்தான். பாட்டா துணிமூட்டையைக் கட்டி மடியில் வைத்திருந்தார்.

"மாடிக்க பூச்சு இன்னும் காயல்ல அப்பா. ஈரம் ஒங்களுக்கு ஆகாது. பால்காய்ச்சுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சரி மக்கா. காயட்டு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டாவோ மகன் படியிறங்கியதும் என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்டூலைப் போடு மக்கா. கடிகாரத்தை நம்ம நேரத்துக்கு வை. அவன் இப்பம் ஊர்லதானே இருக்கான்? இங்கத்த நேரத்துக்குத்தானே சோறு திங்குவான்?"

வைத்தேன். அன்றிலிருந்து பாட்டா எல்லாரோடும் சேர்ந்து சாப்பிட்டார். அக்காவுக்கு நிம்மதி. முதல் நாளே நான் செய்யத் துடித்த சீர்திருத்தம் எப்படியோ நடந்துவிட்டது.

சில வாரங்கள் கழித்துப் பாறசாலைச் சந்தையில், அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து மகனைப் பற்றி விசாரித்தேன்.

"அவனா? போன வாரமே பிளைட்டு ஏறியாச்சே! பால்காய்ச்சுக்குப் பிரியாணியாக்கும். மறுநாளே வீட்டைப் பூட்டி, சாவியை மாமியாருக்க கையில குடுத்திட்டுப் போனான்."

மீன் வாங்க வந்தவள் மீனை மறந்துவிட்டு இல்லத்துக்குப் போனேன். சாப்பாடு அப்போதுதான் முடிந்திருந்தது. மூட்டை கட்டியது கட்டியபடியே கட்டில்மேல் இருந்தது. பாட்டா கை கழுவிவிட்டு வந்தார்.

"மக்கா, அவன் இப்பம் சோறு தின்னிருப்பான், இல்லியா?"

கடிகாரம் எங்கள் ஊர் நேரத்தைச் சரியாகக் காட்டியது. துபாயில் அவன் வேலையில் நின்றுகொண்டிருப்பான்.

"தின்னிருப்பான் பாட்டா."

அவர் மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அப்பம் வெயில் தாந்த பிறகு வருவான்" என்றார். நான் கடிகாரத்துக்குக் கீழே கிடந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய் சமையலறைக்குள் வைத்துவிட்டு வந்தேன்.