பொறு என்று சொல்லும் கம்பி

குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீஸில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததை, சிலோனிலிருந்து கப்பலில் வந்திறங்கிய என் அப்பா கோத்தகிரி பஸ்ஸில் யாரைப் பார்த்தாலும் சொல்லிவிடுவார். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஏலத்துக்குப் போகும் தேயிலை விவரத்தை டெலிபோன் லைனில் மோடம் வழியாகக் கொச்சிக்கு அனுப்புவதுதான் வேலை. மோடத்தைப் பொருத்த வந்த கோயமுத்தூர் இன்ஜினியர் பாதி இங்கிலீஷில் கடகடவென்று விளக்கினார். ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் "சரிங்க சார், சரிங்க சார்" என்று தலையாட்டினேன். பெரியவர்களிடம் விளங்கவில்லை என்று சொல்வது, எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எதிர்த்துப் பேசுவதற்குச் சமம்.

நான் அனுப்பிய விவரத்தில் நடுநடுவே சில வரிகள் கொச்சிக்குப் போய்ச் சேரவில்லை. மழையால் லைன் கெட்டது என்று சாக்குச் சொன்னேன். கடைசியில் மேனேஜர் எஸ்டேட் வழக்கப்படி அப்பாவை வரச் சொல்லி ஆளனுப்பினார்.

அப்பா செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்.

"இவங்க சர்வீஸைக் கன்டின்யூ பண்ண முடியலைங்க. மன்த் எண்டோட டெர்மினேட் பண்றோம். ஓகேங்களா?" என்றார் மேனேஜர் என்னைக் காட்டி.

"சரிங்க தொரை" என்று அப்பா சிரித்தபடி தலையாட்டினார்.

எனக்கு அவமானம் தாங்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா இந்த மனுஷன் என்று பல்லைக் கடித்தேன். இன்ஜினியர் முன்னால் நானும் அப்படித்தான் தலையாட்டினேன் என்பது உறைத்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"கொஞ்சம் பொறுங்க சார். அன்னைக்கு இன்ஜினியர் சொன்னது எனக்கு விளங்கலைங்க. இன்னொரு தடவ அவர்கிட்ட கேட்டுக்கிறேன்" என்றேன்.

மேனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டே போன் போட்டுக் கொடுத்தார். இந்த முறை விளங்காத இடத்திலெல்லாம் இன்ஜினியரை நிறுத்தினேன். கம்ப்யூட்டர் வேகமாகக் கொடுக்கும். மோடம் மெதுவாகத்தான் லைனில் அனுப்பும். நிரம்பிவிட்டால் பொறு என்று சொல்ல ஒரு கம்பி உண்டு. அதைக் கேட்டு நிற்கும்படி கம்ப்யூட்டரை நான் அமைக்கவில்லை. அது பாட்டுக்குக் கொட்டியது, மோடத்துக்குக் கொள்ளாதது தொலைந்தது.

மாற்றி அமைத்தேன். அன்று எல்லா வரியும் போய்ச் சேர்ந்தது. பார்க்கலாம், வேலையைச் செய் என்றார் மேனேஜர்.

பஸ் ஸ்டாண்டில் அப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"தொரை என்னா புள்ள கேட்டாரு? நான் சரின்னுட்டேன்."

"நல்லதாத்தாம்பா கேட்டாரு" என்றேன்.

அப்பா சந்தோஷமாகத் தலையாட்டினார்.