பார்லி முளைத்த அறை

"…ரெண்டும் ஒரே அறையில இருக்க ஏலாது, தம்பி. எங்கட ஆக்களிலயும் அப்படித்தான்" என்றார் வீட்டுக்கார அக்கா, என் அறை வாசலில் நின்றபடி. ரெண்டும் என்று அவர் சொன்னது, என் அலுமாரிக்குள் இருந்த பார்லி முளையையும் என்னையும்.

வெம்பிளியில் அந்த நேபாளக் குடும்பத்தோடு நான் வாடகைக்கு இருந்தது எண்பதுகளின் கடைசியில். அக்கா, அவருடைய கணவர், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். எனக்கும் அக்காவுக்கும் பொதுவாக இருந்தது நொண்டி ஆங்கிலம்தான். அவர் சொன்னதையெல்லாம் என் தமிழிலேயே எழுதுகிறேன்.

எனக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். காலையில் வந்தால், ஜன்னலில் ஆணியடித்துத் தொங்கவிட்ட தடித்த போர்வைக்குப் பின்னால்தான் நித்திரை. பகலைச் சரியாகப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. "உன்ர முகம் கழுவின அரிசி மாதிரிக் கிடக்கு" என்பார் அக்கா. இப்படிப் போகிற போக்கில் அவர் போட்டுவிட்டுப் போகும் பேச்சு எனக்குப் பிடிக்கும். வேலையில் தனியே இருக்கும்போது சொல்லிப் பார்ப்பேன்.

அவர்களுடைய தசைன் பண்டிகை வந்தது. எங்கள் நவராத்திரி நாட்கள்தான் அவர்களுக்கும். எங்கள் வீடுகளில் கும்பத்தடியில் நவதானியம் முளைக்கும். அவர்கள் பார்லியைத் தூவி, வெளிச்சமே படாமல் வளர்ப்பார்கள். முளை பச்சையாகக் கூடாது, மஞ்சளாக நீள வேண்டும். பத்தாம் நாள் மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சிவந்த அரிசிப் பொட்டு வைத்து, அந்த முளையைக் காதோரம் செருகி வாழ்த்துவார்கள். அதுவரை வைத்த இடத்திலிருந்து தட்டை அசைக்கக் கூடாது.

முந்தைய ஆண்டு மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தார்களாம். மின்சார மீற்றர் பார்க்க வந்தவர் கதவைத் திறந்தபடி விட்டுப்போக, பாதி பச்சையாகிவிட்டது. அந்த மாரிக் குளிரிலேயே கணவர் சமையல் வேலை பார்த்த உணவகத்தைப் பூட்டிவிட்டார்கள். இரண்டையும் அக்கா ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்டார். கணவருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அதனால் இந்த முறை என்னிடம் வந்தார். "சூரியனுக்கு விலாசம் தெரியாத அறை உன்ர அறைதான், தம்பி."

குஜராத்திக் கடையில் வாங்கிய பார்லி. கேக் சுடும் தட்டில் மண். என் அலுமாரியின் அடித்தட்டு. நான் வேலையால் வருமுன் தண்ணீர் தெளித்துவிடுவார். ஈர மண் வாசத்தில் படுப்பேன். நானும் முளையும் ஒரே நிறம் என்றும், பத்தாம் நாள் அக்கா மறதியில் என்னைத்தான் காதில் செருகப் போகிறார் என்றும் கணவர் கேலி செய்வார்.

பாதி நாட்கள் போனபின் ஒரு மத்தியானம் கீழே தொலைபேசி அடித்தது. வால்தம்ஸ்டோவில் இருந்த பெரியப்பாவின் மகன். ஊரில் இருந்த என் அப்பாவைக் குடும்பத்தில் எல்லாரும் ஐயா என்போம்.

"ஐயா மோசம் போயிட்டாராம். போன கிழமையே. இப்பதான் ஆள் மூலமாச் சேதி வந்தது. எங்களுக்குச் சாவுத் துடக்கு. கோயில் பக்கம் போகாதை" என்றார்.

ஓம் என்றேன். அழுகை வரவில்லை, களைப்புத்தான் வந்தது. படியேறி வந்து கட்டிலில் இருந்தேன். எதிரே அலுமாரிக் கதவு.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அக்கா அந்தத் தட்டையே நம்பியிருந்த மனுசி. கூப்பிட்டுச் சொன்னேன். சாவு விழுந்த வீட்டுக்காரன் பூசைப் பொருளோடு ஒரே அறையில் படுப்பதெப்படி என்று கேட்டேன். அதற்குத்தான், ரெண்டும் ஒரே அறையில இருக்க ஏலாது என்று அவர் வாசலில் நின்று பதில் சொன்னார்.

தட்டை அசைக்க முடியாது. அப்படியென்றால் போக வேண்டியவன் நான். பெரியப்பா மகனின் அறையில் ஏற்கெனவே ஐந்து பேர் முறை வைத்துப் படுக்கிறார்கள், நிலத்தில் ஓரமாகக் கிடக்கலாம். கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தேன்.

"பையை வை" என்றார் அக்கா. "தகப்பனைச் சாகக் குடுத்த பிள்ளையைத் தெருவில விட்டிட்டு, நான் ஆருக்குப் பொட்டு வைக்கிறது?"

தோளில் கிடந்த சால்வையை எடுத்து, அலுமாரிக்குள் கை விட்டுத் தட்டை மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே போனார். மாடிப்படிக்கு அடியில், போன ஆண்டு வைத்த அதே இடத்தில், தட்டு நிலத்தில் உரசும் சத்தம் கேட்டது. கதவு சாத்தப்பட்டது.

திரும்பி மேலே வந்தார். ஜன்னல் போர்வையின் ஒரு மூலை ஆணியிலிருந்து கழன்று, கட்டிலில் வெளிச்சம் கோடாக விழுந்துகொண்டிருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு, அதில் ஏறி, அந்த மூலையைத் திரும்பவும் ஆணியில் மாட்டினார்.