ஒரு முழக் கேபிள்

வாசகர்களுக்கு என் பணிவான வணக்கம். எழுதிப் பழக்கமில்லாதவன், பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன். ஆயினும் இது கற்பனையன்று. எனக்கே நேர்ந்தது.

என் மனைவிக்கும் எனக்கும் ஆளுக்கொரு கையடக்க வீடியோ கேம் இருந்தது. இரண்டும் முதல் மாடல். திரையில் வெளிச்சம் கிடையாது. ஆதலால் ஜன்னலோரம்தான் அமர்வோம். சேர்ந்து ஆட வேண்டுமானால் இரண்டையும் ஒரு கேபிளால் இணைக்க வேண்டும். அதன் நீளம் ஒரு முழம். தோளோடு தோள் உரச உட்கார்ந்தால்தான் ஆட்டம்.

"நீளமான கேபிளா வாங்கட்டுமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எதுக்கு? தோத்ததும் எழுந்து ஓடவா? பேசாம உட்காருங்க."

ஆட்டத்தில் தன் பெயரையே 'ஜெயிச்சவ' என்று பதிந்திருந்தாள். பொய்யில்லை.

சென்ற ஆண்டு அவள் மறைந்தாள். அவளுடைய கேமிலிருந்து பேட்டரிகளைக் கழற்றிவிட்டு, அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். என்னுடையதைத் தொடவே மனம் வரவில்லை. நான் சும்மா அமர்ந்திருப்பதைக் காணப் பொறுக்காமல், அவள் தம்பி புதிய மாடலொன்றை வாங்கித் தந்தார். ஒளிரும் திரை. கேபிளே வேண்டாம், அருகில் எவரேனும் அதே ஆட்டத்தை ஆடினால் தானே கண்டறிந்து சொல்லும்.

மழை பெய்த ஒரு மாலை. ஆறு நாற்பது. மின்சாரம் நின்றது. திரை வெளிச்சத்தில் தனியே ஆடிக்கொண்டிருந்தேன்.

டிங்...

'அருகில் ஒருவர் உங்களுடன் விளையாட விரும்புகிறார்.'

பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று எண்ணினேன். அடுத்த வரி தோன்றியது.

'பெயர்: ஜெயிச்சவ.'

அந்தப் பெயரை மறுபடியும் படித்தேன்.

டக்... டக்... டக்...

பீரோவுக்குள்ளிருந்து. பொறுமை போனால் அவள் அப்படித்தான் பொத்தானைத் தட்டுவாள்.

அவள் எப்போதும் அமரும் பக்கம், என் இடது தோளில் ஏதோ உரசியது...

சம்மதமா? மறுப்பா? திரை காத்திருந்தது.

மறுப்பை அழுத்திவிட்டேன்.

ஓசை நின்றது.

தோள் வெறுமையாயிற்று.

மறுநாள் மைத்துனரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"விளையாடாதீங்க மாமா. அக்காவோடது முதல் மாடல். அதுல வயர்லெஸ்ஸே கிடையாது. கேபிள் சொருகாம எதோடயும் சேராது. ஆமா... அந்தக் கேபிள் எங்க?"

அவளை இறுதியாக வழியனுப்பியபோது, அவள் விரல்களில் அதைச் சுற்றிவிட்டவன் நானே.

அன்று முதல் மாலைதோறும் அந்தப் பீரோவுக்கு ஒரு முழம் தள்ளி அமர்கிறேன். இடப்பக்கம் இடம் விட்டிருக்கிறேன்.

அழைப்பு இன்னும் வரவில்லை...