கட்டிலிலிருந்து ஒண்டிக்கடை

ஒண்டிக்கடை முக்கில் தன் தையல்கடையைத் திறந்ததும் கனகா மெஷினிடம் போவதில்லை. கண்ணாடி கீறிய பழைய போனை ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டு போட்டு இறுக்குகிறாள். அதில் சிம் கிடையாது. பக்கத்து பேக்கரியின் வை-ஃபையில் ஓடுகிறது. தொலைவில் கொட்டச்சேடு கிராமத்தில், வீட்டுக் கட்டிலில் படுத்தபடி, கணவர் சந்திரசேகர் வீடியோ காலை எடுக்கிறார்.

"ஏனுங்க, ரோடு தெரியுதுங்களா?"

"எடப்பக்கம் கொஞ்சம் திருப்பு புள்ள. பஸ்சு நிக்கற எடம் மறையுது."

மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்ததில் அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வீட்டில் அவரைத் தனியாக விட்டுவிட்டுக் கடைக்கு வர கனகாவுக்குப் பயம். தங்கை மகன் கழித்துப் போட்ட இந்த போனைக் கேட்டு வாங்கி, முதலில் கட்டிலுக்கு எதிரேதான் மாட்டினாள். தைத்துக்கொண்டே தன் போனில் அவரைப் பார்த்தாள். ஒரு மதியம் அவர் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார். கூப்பிட்டும் அசையவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு, கிடைத்த ஜீப்பில் ஏறி ஓடினாள்.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆவல. எந்நேரமும் பாத்துட்டே இருக்கறயே புள்ள. ஜெயில்ல இருக்கற மாதிரி இருக்குது."

மறுநாள் தன் நல்ல போனை அவர் கையில் கொடுத்தாள். பழையதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து, தெருவைப் பார்க்க வைத்தாள்.

"உனக்குன்னு ஒரு சிம்மு வேண்டாமா?" என்று கேட்பவர்களிடம், "கடையில வை-ஃபை இருக்குது, ஊட்ல இருக்குது. நடுவால நா யார்கூடப் பேசோணும்?" என்கிறாள்.

இப்போது ஜீப்காரர்கள் ஜன்னலுக்குக் கையாட்டிவிட்டுப் போகிறார்கள். "அண்ணா, மாரமங்கலம் பஸ்சு போயிருச்சுங்களா?" என்று பெண்கள் கம்பியைப் பார்த்துக் கேட்கிறார்கள். "இன்னும் வரல கண்ணு, நில்லு" என்று கட்டிலிலிருந்து பதில் வருகிறது. யாராவது ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தால் மட்டும் கனகா போனைத் திருப்பிவிடுவாள்.

"கொஞ்ச நேரம் செவுத்தப் பாருங்க."

"நொம்ப நல்லா இருக்குது செவுரு."

நேற்று பதினொரு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. எதிர்க்கடையின் போர்டுகூடத் தெரியவில்லை. பஸ் வந்தது, சத்தம் மட்டும் கேட்டது.

"ஏ புள்ள, வெறும் வெள்ளையா இருக்குதே."

கனகா எழுந்து போய்ப் பார்த்தாள். பனி விலகுகிற மாதிரி இல்லை. போனைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். கலைந்திருந்த முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டு, குனிந்து மெஷினை மிதித்தாள்.