வெள்ளி வந்ததும்

புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகத்தில் நான் ஆய்வக உதவியாளர். எங்கள் கருவி ஹீலியத்தைக் கடுங்குளிரில் திரவத் துளிகளாக்கி வெற்றிடத்தில் பீய்ச்சும். துளிகள் ஒரு சிறு உலையைக் கடக்கையில் அங்குள்ள உலோக ஆவியை விழுங்கிக்கொள்ளும்; உள்ளே அணுக்கள் ஒன்றுகூடி நுண்துகளாகும். எதிரே வைத்த கரித்தகட்டில் மோதியதும் ஹீலியம் ஆவியாகிவிடும். துகள் மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

தஞ்சோங் காராங்கிலிருந்து வந்துபோன முனைவர் பட்ட மாணவி கைக்குழந்தைக்காரி. அவளுடைய கால நீட்டிப்பு அந்த மாதத்தோடு முடிகிறது. இருந்ததும் ஒரே ஒரு ஹீலியம் உருளை. வெள்ளித் துகள் படிந்த தகடு ஒன்று கிடைத்தால்தான் பட்டம்.

ஆங்கிலம் கலந்து பேசுபவர் ஒரு கோப்பை தே தாரிக் தேநீர் வாங்கித்தர வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு பந்தயம். 'சில்வர்' என்று சொல்லி நான் பலமுறை தோற்றிருந்தேன்.

புதன்கிழமை பத்தாங் காலியில் என் மாமனார் இறந்துபோனார். சாவு வீட்டிலிருந்தபோது அவள் அழைத்தாள்.

"எப்பண்ணே ஓட்டலாம்?"

"எல்லாம் தயார்தான். வெள்ளி வந்ததும் உருளையத் தொறந்துரும்மா."

"சரிண்ணே. நீங்க அங்க பாருங்க."

உலையில் போடவேண்டிய வெள்ளிக் கம்பி இன்னும் வந்துசேரவில்லை. அது வந்ததும் அவளே போட்டுக்கொண்டு ஓட்டட்டும் என்றுதான் சொன்னேன். உலையை நிரப்புவது எப்போதும் என் வேலை. இம்முறையும் நிரப்பிவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மூடியை இறுக்கியபின் உள்ளே எதுவும் தெரியாது. படிவை அளக்கும் மானியும் பழுதாகிக் கிடந்தது.

திங்கட்கிழமை நான் திரும்பியதும், தகட்டை நுண்ணோக்கியில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். திரையில் வெறும் சாம்பல் நிறம். இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"எங்கண்ணே போச்சு என் துகளெல்லாம்?"

"வெள்ளி எப்பம்மா வந்துச்சு? எனக்குத் தகவலே வரலியே."

"என்னண்ணே கேக்குறீங்க? மூணு நாளாச்சுலா. வெள்ளிக்கிழமை..."

உருளை தீரும்வரை ஓட்டியிருக்கிறாள். அன்று பகல் முழுதும் துளிகள் வந்து மோதியபடியேதான் இருந்திருக்கும். எதையும் சுமக்காத துளி எதையும் விட்டுப்போவதில்லை.

பேராசிரியர் அறையிலிருந்து வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். முதுகலைப் பட்டமாக மாற்றித் தருவார்களாம்.

"வீட்ல எப்பிடிண்ணே சொல்றது? ஒரு சொல்லால போச்சுன்னா நம்புவாங்களா?"

"நான் வந்து சொல்றேம்மா."

"வேணாண்ணே. நீங்க சொன்னா இன்னும் சிரிப்பாங்க."

கார் நிறுத்துமிடம்வரை கூடவே போனேன். உள்ளே உட்கார்ந்தவள் வண்டியைக் கிளப்பவில்லை. போகச்சொல்லிக் கையைக் காட்டினாள். நான் திரும்பிவந்து பம்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தினேன்.