பால்சுறாவும் ஒரு பொருத்தனையும்

“…துடுப்பு கீது, செதில் இல்ல. அது ஆகாதுன்னு வேதத்துல தெளிவா போட்டுக்கீது, அத்த. இத்த வூட்டுக்குள்ள கொண்டாராத.”

சொன்னவர் எங்கள் பக்கத்துக் குடித்தனக்காரர். ராயபுரத்தில் ஒரே முற்றத்தில் குடியிருந்தோம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற அவர் வாசலை மறித்து நின்றால் காற்றுகூட நுழையாது. எதிரே அவருடைய மாமியார், கையில் சட்டியோடு. சட்டியில் பூண்டு தட்டிப்போட்ட பால்சுறாப் புட்டு. உள்ளே அவர் மனைவி பிள்ளை பெற்று நாலைந்து நாள் ஆகியும் பால் ஊறவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு முதல் மருந்து பால்சுறாதான்.

மனிதர் பிடிவாதக்காரர் இல்லை, பயந்தவர். முதல் பிள்ளை கைக்குழந்தையாகவே போய்விட்டது. அதற்கப்புறம் தண்டையார்ப்பேட்டையில் கூடாரம் போட்டு நடந்த பைபிள் பிரசங்கத்துக்குப் போனார். அடுத்தது தங்கினால் வேதம் விலக்கியதை வீட்டில் சேர்ப்பதில்லை என்று பொருத்தனை செய்துவிட்டு வந்தார்.

“அண்ணே, எப்பவும் படிச்சிக்கினே கீறியே, நீ சொல்லு!” என்று என்னை இழுத்தார்.

பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். எழுதியிருப்பது நிஜந்தான் என்றேன். சும்மா இருக்காமல், அதே வேதத்தில் ஒரு கடல் மிருகம் வருகிறது, அதன் செதிலிடுக்கில் காற்றும் புகாது, அவ்வளவு பெருமை அதற்கு என்றும் சொல்லிவைத்தேன்.

“அந்த மிருகம் கடல்ல எங்க கீது? தோ, வாசப்படில நிக்குது!” என்றார் மாமியார். குழாயடியில் சிரிப்பு. “மாதா கோயில்ல சாமியார் சொன்னாரே, கண்ணு அவிஞ்ச ஒருத்தருக்கு கண்ணுலேந்து செதிலாட்டம் உதிர்ந்தப்புறந்தான் பார்வ வந்துச்சாம். உனுக்கு எப்போ உதிரும் நைனா?”

அவர் சிரிக்கவில்லை. “இந்தப் புள்ளயும் பூட்டா இன்னா பண்ணுவே?”

மாமியார் குரலைத் தாழ்த்தினார். “போன தபா அவ துன்னது பூரா கொடுவா மீனுதான். ஒடம்பெல்லாம் செதிலு. புள்ள நின்னுச்சா?”

உள்ளே குழந்தை அழுதழுது குரல் கம்மிப்போயிருந்தது. மருமகன் சட்டியைத் தானே வாங்கிக்கொண்டு உள்ளே போய், மனைவியின் தட்டில் பாதியைக் கவிழ்த்தார். அவள் இரண்டு வாய் தின்னும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு குழாயடிக்கு வந்து, யாரையும் பார்க்காமல், முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.