விழுந்த இடத்தைப் பார்க்க வந்த மைதீன் அண்ணாச்சி

பெரிய பேரன் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து எவர்சில்வர் டம்ளர் வாங்கினான். பேத்தி நாலாம் வகுப்புக்கே முதல் மார்க். இளைய மகள் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டாள். மூத்தவன் கணேசன், மில் ஹாக்கி டீமுக்கு இப்போது கேப்டன்! இத்தனையையும், முன்னே நாங்கள் இருந்த கோவில்பட்டிக்குப் போய், கணேசனுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்த மைதீன் அண்ணாச்சியிடம் ஒரே மூச்சில் சொல்லவேண்டும் என்று இருந்தேன். போன வெள்ளிக்கிழமை அங்கிருந்து எட்டயபுரம் பஸ்ஸில் வந்து இறங்கிய கணேசன் வாசலிலேயே நின்றுவிட்டான். “யம்மா, மைதீன் அண்ணாச்சி தவறிப்போயிட்டாவ” என்றான்.

நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். ஆனாலும் அவருடைய டீமில் ஆடிய பிள்ளைகளே, உங்களுக்கு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பலசரக்குக் கடையைத் திறக்கும் முன்னால் மைதானத்துக்கு வந்துவிடுவார். ஹாக்கி மட்டையைத் தொடுமுன் எல்லோரும் காலை நீட்டவேண்டும், குனிந்து பெருவிரலைத் தொடவேண்டும். “நீட்டாத கால்தாம்ல அடிபடும்” என்பார். “அண்ணாச்சி, நீங்க ஒருக்கா தொட்டுக் காட்டுங்க” என்று பையன்கள் அவர் தொப்பையைப் பார்த்துச் சிரிப்பார்கள். “ஏலே, நான் தராசு பிடிக்கவன். எனக்கு எதுக்குல?” என்பார்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாதம். மூன்று வாரத்தில் கயத்தாறு டீமோடு போட்டி. மில்லுக்கு ஆள் எடுக்கிறவர் பார்க்க வருகிறார். வேலையில்லாமல் இருந்த கணேசனுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. அந்த நேரம் பார்த்து, பயிற்சியில் பந்துக்குப் பின்னால் ஓடியவன் தடுக்கி விழுந்தான். கணுக்கால் வீங்கிப்போனது. “நீட்டாம இறங்கியிருக்கான், சோம்பேறிப்பய” என்று அண்ணாச்சி போட்டிப் பட்டியலிலிருந்து அவன் பேரை அடித்துவிட்டார்.

நேரே கடைக்குப் போனேன். “அண்ணாச்சி, என் மவன் நீட்டினான். குடத்தோட அந்தப் பக்கமா வந்தப்ப என் கண்ணால பார்த்தேன்.”

“பெத்தவ வேற என்ன சொல்லுவா, தங்கச்சி?”

“அப்ப வாங்க. அவன் விழுந்த இடத்தை நீங்களே பாருங்க.”

கடை நிறைய ஆள். தராசை அப்படியே போட்டுவிட்டு வந்தார்! விழுந்த இடத்தில் புழுதியைக் காலால் விலக்கினேன். கரிசல் மண் பாளமாக வெடித்துக் கிடந்தது. மைதானத்தில் கிடந்த ஹாக்கி மட்டையை எடுத்து வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தார். பாதி உள்ளே போனது. மட்டையை வெளியே உருவினார். பிறகு மெதுவாக, “இது நீட்டின கால், நீட்டாத கால்னா பார்க்கும்? முன்னால விழுந்தவனுவளும் நீட்டினவனுவதானே” என்றார்.

மறுநாள் காலையில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “தப்பு எம்மேலதாம்ல. கணேசன் பேரை எழுதியாச்சு.” ஒரு பெரிய மனிதர் பையன்களிடம் அப்படிச் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை. அன்று முதல் ஆளுக்கொரு கூடை மண் கொண்டுவந்து வெடிப்பை மூடினார்கள். மெதுவாக ஒரு சுற்று ஓடினார்கள். அதற்குப் பிறகுதான் காலை நீட்டுவது. அதை அவர் விடவில்லை. “நீட்டினா உடம்பு நல்லா வளையுது. அடியே படாதுன்னு மட்டும் இனி சத்தியம் பண்ணமாட்டேன்” என்றார்.

அம்மாடி, அந்தப் போட்டி! வீக்கம் வடிந்து நாலே நாள் ஆகியிருந்தது. கடைசி நேரத்தில் ரெண்டு பேருக்கு நடுவே புகுந்து கணேசன் கோல் போட்டான். அண்ணாச்சி செருப்பை உதறிவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள்ளேயே ஓடினார். “ஏ தங்கச்சி, பார்த்தியா!” என்று அவர் போட்ட சத்தம் இப்பவும் என் காதில் இருக்கிறது. மில்காரர் அங்கேயே கணேசன் பேரை எழுதிக்கொண்டார்.

பேரப்பிள்ளைகள் மார்க் குறைந்து வந்தாலும், சட்டியை உடைத்தாலும் எனக்கு வாய் முந்திக்கொண்டு வரும். அப்போதெல்லாம், எதனால் ஆச்சு என்று போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுகிறேன். அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.

இப்போது ஆடுகிற பிள்ளைகளே, உங்கள் முகம் எனக்குத் தெரியாது. மைதானத்தில் எல்லோருமாக நின்று போட்டோ ஒன்று எடுத்து எனக்குத் தபாலில் அனுப்புங்கள், ஐயா.